பட்டத்துக்குப் பிறகு அனர்த்த முகாமைத்துவம்: வன்னியிலிருந்து படிக்கப் போகிறவர்களுக்கு

மாரி தொடங்கி, கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் வான் பாயப் போகுதாம் என்ற கதை அடிபடும்போதெல்லாம் பட்டம் முடித்த யாராவது ஒரு தம்பியோ தங்கச்சியோ என்னிடம் கேட்பார்கள்: "அண்ணா, அனர்த்த முகாமைத்துவத்தில மாஸ்டர்ஸ் செய்தால் பிரயோசனம் இருக்கா?"

இருக்கிறது. ஆனால் படகில் போய் ஆட்களை மீட்கும் படிப்பு என்று நினைத்து வருகிறவர்கள் முதல் பருவத்திலேயே சோர்ந்துபோவார்கள். மீட்பு வேலையை முப்படையினரும் செஞ்சிலுவைத் தொண்டர்களும் தனிப் பயிற்சியாகக் கற்கிறார்கள். முதுமாணியில் நாங்கள் படிப்பது பெரும்பாலும் மழைக்கு முந்திய மாதங்களைப் பற்றி. யார், எந்தத் தகவலை வைத்து, எந்த அதிகாரத்தின் கீழ் முடிவெடுக்கிறார், அந்த முடிவு குளத்துக்குக் கீழே இருக்கிற கண்டாவளையில் ஒரு வீட்டு வாசலுக்கு எப்போது வந்து சேர்கிறது என்பதுதான் பாடம். சட்டம், வரைபடம், கணக்கு, கூட்டக் குறிப்பு என்று நிறையக் காகித வேலை. இது பிடிக்காவிட்டால் வேறு துறை பாருங்கள், தப்பில்லை.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மொழிமூலம் புவியியல் படித்தவன். பிறகு கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. முதுமாணிக்குப் பேராதனையில் உள்ள விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்துக்குப் போனேன். ஏ9 வீதியின் மறுமுனை கண்டிதான் என்பதால் இரவு பஸ் ஏறினால் விடிய இறங்கலாம். தூக்கம்தான் போகும்.

எந்தப் பட்டம் இருந்தால் நல்லது என்று கேட்பார்கள். புவியியல், பொறியியல், விவசாயம், சமூகவியல், தாதியியல் எல்லாமே பொருந்தும். என் அபிப்பிராயத்தில் பட்டத்தை விட முக்கியம் இடையில் செய்யும் வேலை. பட்டம் கிடைத்த கையோடு போகாமல் ஓரிரு வருடமாவது பிரதேச செயலகத்திலோ, நீர்ப்பாசனப் பக்கமோ, தொண்டு நிறுவனத்திலோ வேலை செய்துவிட்டுப் போங்கள். கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்த எங்கள் பிள்ளைகள் இந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள். அவசர காலத்தில் கட்டளையை யார் கொடுப்பது, ஒரு பொறுப்பாளரின் கீழ் எத்தனை பேர் என்பதை ஒழுங்குபடுத்தும் ஒரு முறை 1970களில் கலிபோர்னியக் காட்டுத்தீயிலிருந்து உருவானது. ஒருவருக்குக் கீழ் மூன்றிலிருந்து ஏழு பேர், ஐந்து என்றால் நல்லது என்பது அதன் விதி. நாங்கள் அதை மனப்பாடம் செய்தோம். காலையில் விளக்கக் கூட்டம், காயப்பட்டவரை வெளியே எடுக்கும் ஒத்திகை, எழுதிவைத்த நடைமுறை என்று வெடிபொருள் நிலத்தில் வேலை செய்த ஒருவருக்கு அது தினசரி வாழ்க்கை.

படிப்பு தொடங்குவதற்கு முன்பே 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தை வாசித்துவிடுங்கள். சின்னச் சட்டம்தான், தமிழிலும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, அடுத்த வருடம் மே மாதத்தில் வந்தது. ஜனாதிபதி தலைமையில் தேசிய பேரவை, அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் என்ற அமைப்பெல்லாம் அதிலிருந்து வந்தவை. எவை அனர்த்தம் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. வெள்ளம், வரட்சி, சூறாவளி, மண்சரிவு என்று போகும் அதே பட்டியலில் வான்வழித் தாக்குதலும் உள்நாட்டுக் கலவரமும் இருக்கின்றன. வகுப்பில் பலர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். வன்னியிலிருந்து போகிறவர் அந்த ஒரு வரியை வைத்தே ஒரு பருவக் கட்டுரை எழுதலாம்.

கோட்பாட்டில் அதிகம் பயப்பட ஒன்றுமில்லை. மழை என்பது ஆபத்து மட்டும்தான். அந்த மழை யாருடைய வீட்டுக்குள் போகிறது, அவர்களால் எவ்வளவு தாங்க முடியும் என்பதைச் சேர்த்தால்தான் அனர்த்தம். ஆளில்லாக் காட்டில் எவ்வளவு கொட்டினாலும் அது வெறும் மழைதான். 2005 முதல் 2015 வரை ஹியோகோ, 2015 முதல் 2030 வரை செண்டாய் என்ற, அனர்த்த அபாயத்தைக் குறைப்பதற்கான சர்வதேசச் சட்டகங்கள் எல்லாப் பரீட்சையிலும் எட்டிப் பார்க்கும். செண்டாயின் நான்கு முன்னுரிமைகளையும் ஏழு இலக்குகளையும் பாடமாக்கி வையுங்கள். அதற்கு மேல் அதில் மினக்கெட வேண்டாம்.

மினக்கெட வேண்டிய இடம் இரணைமடு. 2018 டிசம்பர் வெள்ளத்தை உதாரணமாக எடுத்தால் பாடத்திட்டத்தில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. கனகராயன் ஆறு கொண்டுவரும் தண்ணீரைக் குளம் மறிக்கிறது. வான் கதவுகளைத் திறந்தால் அது ஏ35 வீதியைக் கடந்து, கண்டாவளைப் பக்கத் தாழ்நிலங்கள் வழியாகச் சுண்டிக்குளம் கடனீரேரிக்குப் போகும். கட்டு உயர்த்தப்பட்ட பிறகு குளத்தின் முழு மட்டம் 36 அடி. சிறுபோகத்துக்குக் குளத்தை நம்பியிருக்கும் கமக்காரருக்குக் குளம் நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைப் பற்றி யோசிக்கிறவருக்கு டிசம்பரில் குளத்தில் இடம் காலியாக இருக்க வேண்டும். முன்கூட்டியே திறந்துவிட்டு மழை பொய்த்தால் வயல் காயும். காத்திருந்து ஒரே இரவில் கொட்டினால் எல்லாக் கதவையும் ஒன்றாகத் தூக்க வேண்டி வரும். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் உண்டு.

வெள்ளம் வடிந்த பிறகு "நேரத்துக்குத் திறந்திருக்கலாம்" என்று எல்லோரும் சொல்வோம். விடைத்தாளில் அப்படி எழுதினால் புள்ளி வராது. முடிவெடுத்த அந்த மணித்தியாலத்தில் கையில் என்ன மழைத் தரவு இருந்தது, மேலே இருக்கிற சிறுகுளங்கள் என்ன நிலையில் இருந்தன, கீழே இருக்கிறவர்களுக்கு எத்தனை மணித்தியால அவகாசம் கிடைத்தது என்று எழுத வேண்டும். இதையே புரெவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை கடந்த அந்தப் புயல் வருவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. சூறாவளி நாட்கணக்கில் அவகாசம் தரும், குளம் மணிக்கணக்கில்தான் தரும். ஒரே எச்சரிக்கை முறை இரண்டுக்கும் ஓடாது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி மலைநாட்டில் மண்சரிவும் தாழ்நிலங்களில் வெள்ளமுமாக நாடு முழுவதையும் அடித்தது. இனி நேர்முகத் தேர்வில் அதைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள்.

கணக்கும் வரும். நிவாரண முகாம்களுக்கு உலகளவில் பயன்படுத்தும் குறைந்தபட்சத் தராதரம், ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லீற்றர் தண்ணீர், கூரைக்குள் 3.5 சதுர மீற்றர் இடம், 20 பேருக்கு ஒரு மலசலகூடம். 800 பேர் தங்கும் பாடசாலை என்றால் 12,000 லீற்றர் தண்ணீர், 2,800 சதுர மீற்றர் இடம், 40 மலசலகூடம். எங்கள் பாடசாலைகளை நினைத்துப் பாருங்கள், 40 எங்கே இருக்கிறது? போர் முடிவில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமில் இருந்தவர்களுக்கு 15 லீற்றர் எவ்வளவு என்பது வாளிக் கணக்கிலேயே தெரியும். அதை அழாமலும் கோபப்படாமலும் விடையாக எழுதப் பழக வேண்டும். எனக்கு இந்தப் பகுதிதான் படிப்பிலேயே கடினமாக இருந்தது.

ஆங்கிலம் பற்றி. தமிழ் மொழிமூலம் படித்தவர்கள் அகராதியோடு புத்தகத்தில் தொடங்காதீர்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிக்கை மூன்று மொழியிலும் வருகிறது. தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துத் தினமும் ஒன்று வாசித்தால் துறைச் சொற்கள் தானாக வந்து ஒட்டும். சட்டத்தையும் அப்படியே வாசிக்கலாம். வரைபட வேலைக்குக் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், ஓரளவான மடிக்கணினியே போதும். சென்டினல்-1 செய்மதியின் ராடார் படங்களும் இலவசம். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் என்பதால் மழை நாளில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று அதில்தான் தெரியும். இந்த இரண்டையும் படிப்புக்கு முன்பே தொட்டுப் பாருங்கள்.

ஆய்வுத் தலைப்பைச் சின்னதாக எடுங்கள். "வன்னியில் அனர்த்த முகாமைத்துவம்" என்று போனால் மேற்பார்வையாளர் திருப்பி அனுப்புவார். எச்சரிக்கை வீட்டுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை நான் எடுத்தேன். "எச்சரிக்கை கிடைத்ததா? ஆம் / இல்லை" என்பது கேள்விக்கொத்தில் ஒரு கேள்வி. கண்டாவளைப் பக்கம் ஓர் அம்மா "ஆம்" என்றுதான் சொன்னார். பிறகு கதையோடு கதையாக வந்தது: "தாழ்நிலப் பகுதி ஆக்கள் கவனமா இருக்கட்டாம் எண்டு ஸ்பீக்கரில சொன்னவங்கள் தம்பி. நாங்கள் தாழ்நிலமோ மேட்டுநிலமோ எண்டு ஆருக்குத் தெரியும்?" சுவரில் வெள்ளம் நின்ற கறை அவருடைய இடுப்பளவுக்கு இருந்தது. அடையாள அட்டை, காணி பெர்மிட், வங்கிப் புத்தகம் மூன்றும் ஒரு ஷொப்பிங் பையில் கூரை வளையில் தொங்கின. மாரி தொடங்கினால் எப்போதும் அங்கேதானாம். இடம்பெயர்ந்து பழகிய வீடு. ஆம், இல்லை என்ற கட்டங்களில் இதற்கு இடமில்லை, அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு திறந்த கேள்வியாவது வையுங்கள். சுவர்க் கறையை நாடாவால் அளந்து எழுதுங்கள். ஆட்கள் சொல்லும் "இடுப்பளவு" ஆளுக்கு ஆள் மாறும்.

பழைய தரவுக்கு, அனர்த்த இழப்புகளைப் பதிவுசெய்யும் டெசின்வென்டார் தரவுத்தளத்தில் 1974 முதல் பார்க்கலாம். கிராம அலுவலர் எழுதி மேலே அனுப்பினால்தான் ஒரு வெள்ளம் பதிவாகும். போர்க்கால வருடங்களில் வன்னிப் பக்கம் வெற்றிடம் கண்டால் வெள்ளமே வரவில்லை என்று எழுதிவிடாதீர்கள். அலுவலகம் ஒன்றில் தரவு கேட்டு அலைய வைத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

வெளிநாடு என்றால் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், பாங்கொக் அருகே ஆசியத் தொழில்நுட்ப நிறுவனம், சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகம், கனடாவில் யோர்க் மற்றும் ரோயல் ரோட்ஸ் பல்கலைக்கழகங்கள் இந்தத் துறையில் முதுமாணி நடத்துகின்றன. ரொறன்ரோவில் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்பதற்காக யோர்க்கைத் தெரிவுசெய்யாதீர்கள். கனடாவில் பாடம் அவர்களுடைய மாநகர சபை, காட்டுத்தீ, அவர்களுடைய சட்டம் என்றே சுற்றும். அங்கேயே வேலை தேடுவதானால் சரி, திரும்பி வருவதானால் ஆசியப் படிப்புத்தான் கைகொடுக்கும். பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கட்டாயம், முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும்.

வேலை விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தப் பட்டத்தை மட்டும் பார்த்து யாரும் கூப்பிட்டு வேலை தரமாட்டார்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் மாவட்டப் பிரிவுகள் சின்னவை, ஆட்சேர்ப்பும் எப்போதாவதுதான். பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ நிவாரண சேவை உத்தியோகத்தராகவோ ஏற்கனவே இருக்கிறவர்களுக்கும், நிர்வாக சேவைப் பரீட்சைக்குத் தயாராகிறவர்களுக்கும்தான் இது உடனே உதவும். வெள்ளம் வந்தால் உண்மையான முகாமையாளர் பிரதேச செயலாளர்தானே.

கடைசியாக விண்ணப்பக் கடிதம். சுனாமி, யுத்தம், இடப்பெயர்வு எல்லாவற்றையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். அதற்கு இரண்டு வரி போதும். மிச்ச இடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்: எந்தக் கிராமத்தில் நிவாரணப் பட்டியல் தயாரித்தீர்கள், அதில் யார் விடுபட்டார்கள், அடுத்த தடவை என்ன மாற்றினீர்கள். பரிந்துரைக் கடிதம் தருகிறவர்களிடம் மாரிக்கு முன்பே சொல்லி வையுங்கள். வெள்ளம் தொடங்கினால் கச்சேரியில் யாரையும் பிடிக்க முடியாது.