ஹிஸ்டாலஜி ஸ்பாட்டர்: எபிடிடிமிஸையும் வாஸ் டெஃபரன்ஸையும் அடையாளம் கண்ட விதம்

ஆசாரிப்பள்ளத்தில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு படித்தபோது, ஹிஸ்டாலஜி (திசுவியல்) ஸ்பாட்டரில், அதாவது மைக்ரோஸ்கோப்பில் வைத்திருக்கும் ஸ்லைடை மணி அடிப்பதற்குள் அடையாளம் கண்டு எழுதும் தேர்வில், ஆண் இனப்பெருக்க மண்டலத்தின் ஸ்லைடுகள் எங்கள் பேட்ச்சையே மிரட்டின. விந்தகத்தை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அதன்பின் விந்தணுக்கள் போகும் குழாய்களில்தான் தடுமாற்றம்: விந்தகத்தை ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ், அங்கிருந்து விந்தணுக்களைக் கொண்டுபோகும் வாஸ் டெஃபரன்ஸ்.

ஹாஸ்டலில் சீனியர் அக்கா ஒருவர் சொன்னதுதான் வழிகாட்டியது: "எடுத்ததும் ஹை பவருக்குப் போகாதே. லோ பவர்ல முதல்ல குழாய்க்கு நடுவுல இருக்கிற ஓட்டையோட ஓரத்தைப் பாரு, அப்புறம் சுவரைப் பாரு."

எபிடிடிமிஸ் ஸ்லைடில் ஏகப்பட்ட வட்டங்கள் தெரியும். உண்மையில் அது ஒரே குழாய். சுமார் 6 மீட்டர் நீளம், சுருண்டு கிடக்கிறது. இடியாப்பத்தைக் குறுக்கே வெட்டினால் எப்படியோ அப்படித்தான். வட்டத்தின் உள்ஓரம் வழவழவென்று சீராக இருக்கும். நடுவில் ஊதா நிறப் பொடியாக விந்தணுக்களின் தலைகள். ஹை பவரில் உயரமான செல்களின் மேலே ஸ்டீரியோசிலியா என்ற மயிரிழைகள் கற்றை கற்றையாக நிற்கும். பெயரில் சிலியா (அசையும் நுண்ணிழை) இருந்தாலும் அவை அசையாது. நீண்ட மைக்ரோவில்லைதான் (செல்லின் மேற்பரப்பில் விரல்போல் நீளும் நுண்நீட்சிகள்), விந்தகத்திலிருந்து வரும் திரவத்தை உறிஞ்ச உதவுகின்றன. அதே ஸ்லைடின் ஒரு மூலையில் ஓரம் மேடும் பள்ளமுமாக இருந்தால் அது எஃபரன்ட் டக்டியூல், விந்தகத்தை எபிடிடிமிஸுடன் இணைக்கும் சிறு குழாய். அங்கே உயரமான செல்லும் குட்டையான செல்லும் மாறி மாறி நிற்பதால்தான் அந்த நெளிவு. அதை முதன்முதலில் நானே கண்டபோது வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

வாஸ் டெஃபரன்ஸுக்குத்தான் அதிக நேரம் செலவழித்தேன். அதன் ஓட்டை நட்சத்திரம் போல இருக்கும். ஆனால் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் யூரீட்டரிலும் ஓட்டை நட்சத்திரம் போலவே இருக்கும், அங்கேதான் பலர் மாட்டுவார்கள். யூரீட்டரின் உட்படலம் டிரான்சிஷனல் எபிதீலியம், அதாவது விரிந்து சுருங்கும் பல அடுக்குச் செல் படலம். வாஸில் சுவர்தான் அடையாளம்: சின்ன ஓட்டையைச் சுற்றி தடித்த தசை, மூன்று அடுக்கு. உள்ளும் வெளியும் நீளவாக்கில் ஓடுவதால் குறுக்குவெட்டில் இளஞ்சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். நடு அடுக்கு வளையமாகச் சுற்றுவதால் நீள நீளக் கோடுகள். இந்தப் புள்ளியையும் கோட்டையும் பிரித்துக் காட்டும்வரை ரெக்கார்டில் திரும்பத் திரும்ப வரைந்தேன். பிங்க் பென்சில் பாதியாகத் தேய்ந்துவிட்டது.

தேர்வில் வந்தது அந்த நட்சத்திரம்தான். ஸ்லைடை நகர்த்தக் கூடாது. சுவரைப் பார்த்தேன், மூன்று அடுக்கு என்று எழுதினேன், மணி அடித்தது.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மேடம், "இவ்வளவு தசை எதுக்கு?" என்றார். விந்து வெளியேறும் நேரத்தில் சுருங்கி விந்தணுக்களை வேகமாகத் தள்ள என்றேன். "நோயாளியிடம் இது எங்கே பயன்படும்?" வாசெக்டமியில் (ஆண் கருத்தடை அறுவை சிகிச்சையில்), தோலுக்கு மேலிருந்தே கயிறு மாதிரி விரலில் தட்டுப்படும் என்றேன். சரியென்று அடுத்த ஸ்லைடை எடுத்தார்.