பிளாட்ஹெட் வி8-க்கு பிசிவி

1953 வரை வந்த ஃபோர்டு பிளாட்ஹெட் (வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும் பழைய வி8) இன்ஜினில் கிராங்க்கேஸ் (கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அடிப்பகுதி) புகையை வெளியே இழுப்பது அடியில் தொங்கும் குழாய்தான். வண்டி ஓடினால்தான் அது இழுக்கும். டிராஃபிக்கில் நின்றால் நீராவியும் பெட்ரோல் ஆவியும் ஆயிலில் கலந்து கறுப்புச் சேறாகிவிடும். பிசிவி வால்வு (அந்தப் புகையை இன்ஜினே உறிஞ்சி எரிக்க விடும் வால்வு) போடுங்கள், ஆயில் சுத்தமாக இருக்கும்.

முக்கியமானது அந்த வால்வுக்கு வேக்குவம் (உறிஞ்சும் இழுப்பு) எடுக்கும் இடம். கார்புரேட்டரின் இரண்டு துளைகளும் தலா நான்கு சிலிண்டருக்குப் போகின்றன. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் அந்த நான்கும் லீன் ஆகும், அதாவது காற்று கூடி பெட்ரோல் குறையும். அதனால் கார்புரேட்டருக்கு அடியில் இரண்டு துளைக்கும் வழியுள்ள ஸ்பேசர் தட்டு வையுங்கள்.

பழைய குழாயை அடைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தூசி உள்ளே போகும். புதுக் காற்று ஃபில்டர் வைத்த ஆயில் மூடி வழியாகவே வரட்டும். புகை எடுக்கும் திறப்பில் தடுப்புத் தகடு இல்லையென்றால் ஆயிலையே உறிஞ்சும்.

வால்வு, ஏறக்குறைய 3.9 லிட்டர் இன்ஜினுக்கானதாக இருக்கட்டும். அதன் அம்புக்குறி இன்டேக் மேனிஃபோல்டை (கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதி) பார்க்க வேண்டும். ஹோஸ் ஆயில் தாங்கும் ரகம்; தண்ணீர் ஹோஸ் ஊறிப்போய் உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும்.

மாட்டியதும் ஐடிலிங் மிக்ஸ்சரைக் கொஞ்சம் ரிச் செய்யுங்கள் (பெட்ரோலைக் கூட்டுங்கள்). பிறகு ஆயில் மூடியைக் கழற்றி அந்தத் திறப்பின் மேல் ஒரு காகிதம் வையுங்கள், லேசாக ஒட்டினால் சரி. தள்ளினால் வால்வு சிறியது, அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.