பெப்ரவரிக்கு 28 நாள்

பதவி ஒன்றுக்குத் தெரிவானவர்களின் பெயர்ப்பட்டியல் அலுவலக வாசலில் ஒட்டப்பட்டது ஒரு பெப்ரவரி 9ஆம் திகதி. அதில் என் பெயர் இருக்கவில்லை. விண்ணப்பம் கோரிய அறிவித்தலில் மேலதிகக் கல்வித் தகைமைக்கு 10 புள்ளிகள் என்று அச்சிட்டிருந்தார்கள்; நேர்முகத் தேர்வு முடிந்த பின்னர் அதை ஐந்தாகக் குறைத்து, மிகுதி ஐந்தை ‘ஆளுமை’க்குக் கொடுத்துவிட்டார்கள் என்று உள்ளே வேலை செய்யும் ஒருவர் காதோடு சொன்னார். அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இன்று நானும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

எங்கள் வீட்டில் அரசியலமைப்பு வழக்கு என்றாலே அது கோடீஸ்வரன் வழக்குத்தான். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாததால் 1962இல் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்ட அந்த எழுதுவினைஞர், கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் 1964இல் வென்றதையும், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின் மீது, அதாவது அரசின் மீது, வழக்குத் தொடர முடியாது என்று 1967இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியதையும், 1969இல் அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த கோமறைக் கழகம் அந்தக் கருத்தைத் தள்ளியதையும் அப்பா நேற்று நடந்ததுபோலச் சொல்லுவார். தனிச் சிங்களச் சட்டம், ஒரு சமூகத்துக்கு எதிரான பாகுபாட்டைத் தடுத்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானதா என்ற மூலக் கேள்வி மட்டும் தீராமலே இருந்தது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தபோது அந்தக் கேள்விக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. “வென்றவர்தான், ஆனா கேட்டதுக்குப் பதில் வரேல்லை” என்று அப்பா முடிப்பார்.

இந்தக் கதைகளோடு வளர்ந்ததாலோ என்னவோ, உரிமை வழக்கு என்பது பெரிய கேள்விகளால் தீர்மானிக்கப்படுவது என்றே நான் நம்பியிருந்தேன். ஆகவே முதலில் அலுவலகத் தலைவருக்குப் பணிவான மேன்முறையீடு ஒன்றை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். கூடவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் புள்ளித்தாளைக் கேட்டு ஒரு விண்ணப்பமும் கொடுத்தேன். அந்தச் சட்டத்தின்படி தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வேலை நாள் என்ற சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை. சனி, ஞாயிறு, போயா எல்லாவற்றையும் கழித்தால் அது மூன்று கிழமையைத் தின்றுவிடும்.

பெப்ரவரி 28ஆம் திகதி, உறவினர் ஒருவரின் வற்புறுத்தலால், யாழ்ப்பாண நீதிமன்றத்துக்கு அண்மையில் இருக்கும் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் போனேன். என் கோப்பை அவர் திறக்கக்கூட இல்லை.

“பிள்ளை, பட்டியல் ஒட்டினது எப்ப?”

சொன்னேன். இன்னும் 11 நாள் இருக்கிறது என்றும், மேன்முறையீட்டுக்குப் பதில் வந்த பின்னர் வழக்குப் போடலாம் என்று எண்ணியிருப்பதாகவும் சொன்னேன். அவர் மேசை நாட்காட்டியை என் பக்கம் திருப்பி வைத்தார். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் மனுப் போட அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை சொல்வது ஒரு மாதம்; சட்டத்தில் மாதம் என்றால் நாட்காட்டி மாதம்; பெப்ரவரிக்கு 28 நாள். நான் முப்பது நாள் என்று விரல் விட்டு எண்ணியிருந்தேன். மேன்முறையீட்டைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. திணைக்களத்துக்கு முறையிட்டுக் காத்திருப்பது இந்த ஒரு மாதக் கெடுவை நிறுத்தாது என்று 1988இல் கமாத்திகே எதிர் சிறிவர்தன வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டதாகவும், நல்ல வழக்குகள் பல இந்த ஒரு படியில் தடக்கி விழுந்ததைத் தான் பார்த்திருப்பதாகவும் சொன்னார். பணிவாக இருந்ததற்கான தண்டனைபோல அது எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

அன்றே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறைப்பாடு ஒன்றைப் பதிந்தேன். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்தது என்று காட்டும்படி நீதிமன்றம் கேட்கலாம் என்பதால், அதை நம்பி இருக்காமல் எப்படியும் மார்ச் 6க்குள் மனுவைத் தாக்கல் செய்வோம் என்று சட்டத்தரணி முடிவெடுத்தார்.

அடுத்த ஐந்து நாட்களில் நான் தமிழில் எழுதிக் கொடுத்த ஒன்பது பக்கம், கொழும்பில் வழக்கை நடத்தப்போகும் சட்டத்தரணியின் கையில் ஆங்கில மனுவாகவும் சத்தியக்கடதாசியாகவும் மாறியது. நான் “ஏமாற்றப்பட்டேன்” என்று எழுதிய இடத்திலெல்லாம் “தன்னிச்சையானது, நியாயமற்றது, 12(1)ஆம் உறுப்புரையின் சமத்துவ உரிமையை மீறுவது” என்று வந்திருந்தது. கோபம் வந்தது. சமாதான நீதவான் ஒருவர் தன் வீட்டு விறாந்தையில் இருந்து எனக்கு ஒவ்வொரு பந்தியையும் தமிழில் வாசித்து விளக்கினார். இந்துவாகிய நான் பயபக்தியுடன் உறுதியுரைப்பதாகச் சொல்லி, பக்கத்துக்குப் பக்கம் கையொப்பமிட்டேன். பதினேழாம் பந்தியில் திகதி ஒன்று பிழைத்திருந்தது. அதைக் கண்டுபிடித்தது நானல்ல, அவர்தான். திருத்திய இடத்தில் இருவரும் சுருக்கொப்பம் வைத்தோம்.

புள்ளித்தாள் மார்ச் 4ஆம் திகதி கிடைத்தது. அழித்து எழுதிய இரண்டு நிரல்கள் அதில் அப்படியே தெரிந்தன. தகவல் அறியும் உரிமை 2015இல் அரசியலமைப்பின் 19ஆம் திருத்தத்தின் மூலம் 14அ உறுப்புரையாக வந்திராவிட்டால் அந்தத் தாளை நான் கண்டிருக்கவே மாட்டேன். ஆனால் விதை அதற்கு முந்தியது என்று சட்டத்தரணி சொன்னார்: 1983இல் யாழ்ப்பாணத்தில் ‘சற்றர்டே ரிவியூ’ பத்திரிகை அவசரகால விதியின் கீழ் முத்திரையிடப்பட்டபோது எழுந்த விசுவலிங்கம் எதிர் லியனகே வழக்கில், பேச்சுச் சுதந்திரம் பேசுபவருக்கு மட்டுமல்ல, வாசிப்பவருக்கும் உரியது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எங்கள் ஊரில் மூடப்பட்ட ஓர் அச்சகத்தின் தயவில் எனக்கு அந்தத் தாள் வந்ததாக நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தாளை பி7 என்று குறியிட்டு, இரவு பஸ்சில் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போனேன். புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்தில் காலை பத்து மணிக்கு மனு ஏற்றுக்கொள்ளப்பட்டுத் திகதி முத்திரை குத்தப்பட்டது. மனுவில் பெயரிடப்பட்ட ஒவ்வொரு பிரதிவாதிக்கும் முத்திரை ஒட்டிய உறைகளை நாமே கொடுக்க வேண்டும். சட்டத்தரணியின் லிகிதர் முன்னரே எச்சரித்திருந்தும் நான் இரண்டு உறைகளைக் குறைத்துக் கொண்டுபோய்விட்டேன். தபால் கந்தோருக்கு ஓடி வந்ததில் செருப்பு அறுந்தது.

மனு போட்டதும் விசாரணை என்று எண்ணக் கூடாது. இரண்டு நீதியரசர்களுக்குக் குறையாத அமர்வு, விசாரணையைத் தொடர்வதற்கான அனுமதியை முதலில் வழங்க வேண்டும். மனுவை இரண்டு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 126ஆம் உறுப்புரையே சொல்கிறது. மனுதாரரை ஒரு நாளில் கட்டிப்போடும் அதே உறுப்புரை நீதிமன்றத்தை அப்படிக் கட்டுவதில்லை. சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தது பற்றி 2015இல் தாக்கலான மனுவுக்கு 2019 ஏப்ரலில்தான் தீர்ப்பு வந்தது. இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு கட்டளையானது. மாமியின் கிணற்றில் வாளி இறக்காமல் இருந்த அந்த ஆண்டுகளை நான் அறிவேன். அதனால், என் வழக்கு மூன்று முறை தவணை போனபோது பெரிதாக மனம் உடையவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் போய்வரும் செலவுதான் உறுத்தியது.

நான்காம் தவணையில், சட்டமா அதிபர் சார்பில் தோன்றிய அரச சட்டவாதி எழுந்து, அறிவித்தலில் இருந்த திட்டப்படியே புள்ளிகளை மீளக் கணக்கிட அலுவலகம் உடன்படுவதாகச் சொன்னார். அதற்கு நாலு நிமிடம் பிடித்திருக்கும். எழுத்தில் பதிவு செய்யப்பட்ட அந்த உறுதிமொழியின் பேரில் நாங்கள் மனுவை மீளப் பெற்றுக்கொண்டோம். நேர்முகத் தேர்வின் பின்னர் புள்ளித்திட்டத்தை மாற்றலாமா என்ற கேள்வியில் நீதிமன்றம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் எழவில்லை. தீர்ப்புக்காகப் போராடலாமா என்று சட்டத்தரணியிடம் கேட்டேன். போராடலாம், ஆனால் வேலை வேண்டுமா, தீர்ப்பு வேண்டுமா என்று அவர் திருப்பிக் கேட்டார். எனக்கு வேலைதான் வேண்டியிருந்தது.

நியமனக் கடிதம் மீள்கணக்குக்குப் பிறகான திகதியில் வந்ததால் 14 மாத மூப்பு போயிற்று. அதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த ஆண்டு அதே பதவிக்கு மீண்டும் விண்ணப்பம் கோரினார்கள். அறிவித்தலைத் தட்டச்சிட்டு ஒட்டும் வேலை என்னிடமே வந்தது. புள்ளித்திட்டம் இருந்த இடத்தில் இம்முறை ஒரே ஒரு வரிதான் இருந்தது: “புள்ளிகள் நேர்முகத் தேர்வுச் சபையினால் தீர்மானிக்கப்படும்.”