53-ஆம் போர்ட் பஞ்சாயத்து

ஒரு ஆடிட்டர் ஆபீஸ். பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர்தான். கூகுள் திறக்கிறது, யூடியூப் ஓடுகிறது, ஒருசில சைட் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. "நெட் ஸ்லோ சார்" என்று ஆபீஸே தீர்ப்பு எழுதி வைத்திருந்தது.

சைட் பெயரைச் சொன்னால் அதன் ஐபி முகவரியைத் தருவது டிஎன்எஸ். அதன் வாசல் 53-ஆம் போர்ட். யூடிபி, டிசிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளிலும் அது பேசும். நெட் வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வாலில் பார்த்தால் யூடிபி 53-க்கு மட்டும் அனுமதி, டிசிபி 53 அடைப்பு. டிஎன்எஸ் என்றாலே யூடிபிதான் என்று எவரோ பாடம் எடுத்திருக்கிறார்கள்! பதில் பெரிதாகி யூடிபியில் அடங்காவிட்டால், சர்வர் அதை வெட்டி, 'வெட்டியிருக்கிறேன்' என்று ஒரு கொடியும் போட்டு அனுப்பும். கேட்டவர் அதே கேள்வியை டிசிபியில் திரும்பக் கேட்க வேண்டும். டிஎன்எஸ்செக் கையெழுத்தோ (பதில் போலியல்ல என்பதற்கான சான்று), நீளமான டிஎக்ஸ்டி பதிவோ (டொமைனோடு வைக்கும் எழுத்துக் குறிப்பு) உள்ள பெரிய பதில்கள் இங்கேதான் மாட்டும். டிஎன்எஸ்ஸைச் சோதிக்கும் டிக் கட்டளையோடு +டிசிபி சேர்த்துக் கேட்டேன், டைம் அவுட். போர்ட்டைத் திறந்தேன், சைட்டெல்லாம் வந்துவிட்டது.

அப்புறம் இன்னொரு வேலை. ஆபீஸ் டிஎன்எஸ் சர்வர் மட்டும் 53-இல் வெளியே போகலாம், மற்றவை கூடாது. அனுமதி விதி மேலே, தடை கீழே. முதலில் பொருந்தும் விதிதான் செல்லும், மாற்றிப் போட்டால் சர்வரே வாசலில் நிற்கும்.

இதையும் மீறி பிரவுசர்கள், சைட்டுகளைத் திறக்கும் அதே 443-ஆம் போர்ட் வழியாக டிஎன்எஸ் கேட்கும். அது சாதாரண வெப் டிராஃபிக் மாதிரியே இருப்பதால் போர்ட் விதியில் சிக்காது. ஃபயர்ஃபாக்ஸுக்கு 'யூஸ்-அப்ளிகேஷன்-டிஎன்எஸ்.நெட்' என்ற பெயர் இல்லை என்று நம் சர்வர் சொன்னால் போதும், 443 வழியாகக் கேட்பதை விட்டுத் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் பயனரே அந்த வழியை செட்டிங்கில் போட்டு வைத்திருந்தால் ஃபயர்ஃபாக்ஸ் நம் பேச்சைக் கேட்காது. அவரிடம் போய்த்தான் பேச வேண்டும்.