தாத்தாவை வகுப்புக்கு அழைத்த பள்ளிக்கூடம்

வேலூரை அடுத்த கணியம்பாடிப் பக்கத்துக்காரர்களுக்கு ராணுவம் தூரத்துச் சமாச்சாரம் அல்ல. அங்கிருக்கும் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர். காட்பாடி ஜங்ஷனில் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு இறங்கும் மிலிட்டரிக்காரர்களைப் பார்த்தே வளர்ந்தோம். என் அப்பாவும் அப்படி இறங்கியவர்தான். ஹவில்தாராக ஓய்வு பெற்றார்.

அமெரிக்காவின் ஒஹாயோவில் நாங்கள் குடியேறிய முதல் ஆண்டே அப்பா எங்களோடு தங்க வந்தார். குளிருக்கு எந்தக் கோட்டு வாங்குவது, எந்தக் கடையில் புழுங்கலரிசி கிடைக்கும் என்று நாங்கள் அலைந்துகொண்டிருந்த நேரம். குடும்பத்தில் படையில் பணியாற்றியவர் இருந்தால் பெயர் எழுதி அனுப்பும்படி மகளின் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அவள் யாரையும் கேட்காமல் தாத்தாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாள். அவர் வேறு நாட்டு ராணுவத்தில் இருந்தவராயிற்றே என்று ஆசிரியையிடம் தயங்கினேன். "அதனால் என்ன, அவசியம் அழைத்து வாருங்கள்" என்றார்.

இங்கே நவம்பர் 11 முன்னாள் படைவீரர் நாள். 1918-இல் அதே தேதியில் காலை 11 மணிக்குத்தான் முதல் உலகப்போர் ஓய்ந்தது. போர்நிறுத்த நாளாக இருந்ததை 1954-இல் முன்னாள் வீரர்கள் அனைவருக்குமான நாளாக மாற்றினார்கள். போரில் மாண்டவர்களை நினைக்க மே மாதக் கடைசித் திங்கட்கிழமை தனியாக இருக்கிறது. ஆகவே நவம்பரில் மரியாதை பெரும்பாலும் உயிரோடு இருப்பவர்களுக்கு. இது எனக்கு மிகவும் பிடித்தது.

விழாவில் ஒவ்வொரு படைப்பிரிவின் பாட்டையும் பிள்ளைகள் வாசிக்க, அந்தந்தப் படையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கைத்தடி ஊன்றியவர்களும் எழுந்தார்கள். அப்பாவுக்கான பாட்டு இல்லை. தலைமையாசிரியை அவர் பெயரையும் 'மெட்ராஸ் ரெஜிமென்ட், இந்தியா' என்பதையும் வாசித்தார். அப்பா அட்டென்ஷனில் நின்றார். விரல்கள் மடங்கி, கட்டைவிரல் பேன்ட் தையலோரம் அசையாமல் இருந்தது. கூடம் முழுக்கக் கைதட்டியபோது என் தொண்டை அடைத்துக்கொண்டது.

அதைவிட முக்கியமானது பிறகு வகுப்பறையில் நடந்தது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள், மகள் மொழிபெயர்த்தாள். இமயமலைப் பனிப்பகுதியான சியாச்சினில் தண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்றான் ஒரு பையன். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பனிக்கட்டியை உருக்கிக் குடித்தோம் என்றார் அப்பா. கையுறை இல்லாமல் துப்பாக்கியின் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் என்று விரலைக் காட்டினார். வேலூர் வெயிலில் பிறந்த மனிதர் மைனஸ் 50 டிகிரி வரை இறங்கும் இடத்தில் காவல் நின்ற கதையை நானே அன்றுதான் முழுதாகக் கேட்டேன். வீட்டில் அவர் பேசியதே இல்லை.

நம் பக்கத்திலும் மரியாதை இல்லாமல் இல்லை. 1806 வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியின் நினைவாக ஜூலை 10-இல் வேலூர் மக்கான் பகுதியில் உள்ள தூணுக்கு மலர்வளையம் வைக்கிறார்கள். டிசம்பர் 7 கொடி நாள், 1949 முதல் நடக்கிறது. பள்ளியில் உண்டியலில் காசு போட்டு, சின்னக் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்வோம். அந்தக் காசு முன்னாள் படைவீரர் நலனுக்குப் போகிறது என்பதால் அதுவும் வேண்டியதே. ஆனால் பள்ளிக்கு எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பட்டாளத்துத் தாத்தாவை உள்ளே அழைத்து ஒருமுறையும் பேசச் சொன்னதில்லை. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இத்தனை படைவீரர்கள் இருந்தும் அவர்கள் கதை அவர்களோடே போய்விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் தொலைபேசியில் பேசினேன். மேடை, சால்வை, பேச்சாளர் எதுவும் வேண்டாம் சார், கொடி நாளன்று வகுப்புக்கு ஒருவரை உட்கார வைத்து, பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள் என்றேன். உடனே ஒப்புக்கொண்டார். அப்பா ஊர் திரும்பியதும் ஏழாம் வகுப்புக்குப் போகிறார். தெருவில் இன்னும் யார் யார் வருவார்கள் என்று இங்கிருந்தே தினமும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.