லூர்து கெபியும் மாலை ஐந்து மணிப் பவனியும்

லூர்து நகருக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது கெபியை, அதாவது பாறைக் குகையைத்தான். நானும் நேராக அங்கேதான் போனேன். பிரான்சின் தெற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில், காவ் ஆற்றங்கரையில் மசபியேல் பாறை. 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை பெர்னதெத் சுபிரு என்ற ஏழைச் சிறுமிக்கு இயேசுவின் தாய் மரியாள், அதாவது மாதா, 18 முறை காட்சி கொடுத்த இடம். வரிசையில் நகர்ந்து பாறையைத் தடவிக்கொண்டே போகலாம். எத்தனையோ கைகள் பட்டு வழவழவென்று ஆகிவிட்டது.

மேலே மாதா சுரூபத்தின் (சிலையின்) அடியில், "நானே அமல உற்பவம்" என்று மாதா சொன்னது பெர்னதெத்தின் வட்டார மொழியிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. இயேசு கன்னியிடம் பிறந்ததைத்தான் இது குறிக்கிறது என்று கத்தோலிக்கரிலேயே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது மரியாள் தம் தாயின் வயிற்றில் கருவானதைப் பற்றியது. அந்த நொடியிலிருந்தே, மனிதர் பிறக்கும்போதே கொண்டிருக்கும் சென்மப்பாவம் அவரைத் தொடவில்லை என்பது நம் விசுவாசம். அதுவும் அவருடைய சொந்தத் தகுதியால் வந்ததில்லை, தம் மகனின் மீட்புப் பலன் அவருக்கு முன்கூட்டியே கிடைத்தது. ஆக, மாதாவும் மீட்கப்பட்டவர்தான். திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் இதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தது 1854 டிசம்பர் 8 அன்று. நாலு வருடம் கழித்து, இன்னும் புதுநன்மைகூட (முதல் நற்கருணை) வாங்காத ஒரு சிறுமி பங்குத்தந்தையிடம் போய் இதைச் சொன்னால் அவர் எப்படித் திகைத்திருப்பார்!

இவ்வளவு இருந்தும், லூர்து காட்சியை நம்பியே ஆகவேண்டும் என்று திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. 1862-ல் மறைமாவட்ட ஆயர் இதை ஏற்று அறிவித்தார். ஆனாலும் இது தனி வெளிப்பாடு, அதாவது ஒருவருக்குத் தனியே கிடைத்த காட்சி. கிறிஸ்துவில் நிறைவடைந்த வெளிப்பாட்டோடு இதனால் எதுவும் கூடிவிடாது.

கெபியிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீரும் அப்படித்தான். அன்றைக்கே ஆய்வு செய்து, சாதாரணத் தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டார்கள். குருவானவர் மந்திரித்து ஆசீர்வதித்தால் ஒழிய அது தீர்த்தம்கூடக் கிடையாது. (மாதா உருவத்தில் பிளாஸ்டிக் பாட்டில் விற்கும் கடைகளில் இதை யாரும் சொல்லமாட்டார்கள்.) குணமானதாக இதுவரை 7,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் வந்திருக்கின்றன. புதுமை (அற்புதம்) என்று ஏற்கப்பட்டவை சுமார் 70தான். அங்குள்ள மருத்துவர்கள் 'மருத்துவத்தால் விளக்க முடியவில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். புதுமை என்று அறிவிப்பது, குணமானவருடைய மறைமாவட்ட ஆயர்.

அப்படியானால் லூர்துவின் மையம் எது? எனக்கு அது மாலை ஐந்து மணிக்குத்தான் விளங்கியது. நற்கருணைப் பவனி, அதாவது திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை ஏந்திச் செல்லும் ஊர்வலம், புறப்பட்டது. சக்கர நாற்காலிகளில் நோயாளிகள் முன்வரிசையில். அந்த அப்பம் வைத்த கதிர்ப்பாத்திரத்தை ஏந்திய குருவானவர் ஒவ்வொரு வரிசையாக நின்று ஆசீர் அளிக்கிறார். அப்பத்தின் நிறமும் சுவையும் அப்படியே இருக்க, உட்பொருள் கிறிஸ்துவின் உடலாகிவிட்டது என்று நம்புவதால்தான் அங்கே எல்லோரும் முழங்காலிடுகிறார்கள். மாதாவின் ஊரிலேயே ஆராதனை மாதாவுக்குக் கிடையாது. அது கடவுளுக்கு மட்டும். மாதாவுக்கு உரியது, புனிதர்களுக்கு உரியதைவிட உயர்ந்த வணக்கம், அவ்வளவே.

இங்கே பலர் நோயில்பூசுதலும் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு) பெறுகிறார்கள். சாகக்கிடக்கிறவருக்கு மட்டுமே கொடுப்பது என்று வீட்டில் பயந்து தள்ளிப்போடும் அதே அருளடையாளம்தான். கடுமையான நோயில் இருப்பவர் யாரும் கேட்டுப் பெறலாம். திடமாக நடமாடுகிற ஒருவர் எண்ணெய் பூசிக்கொண்டு திரும்பி வந்ததைப் பார்த்த பிறகு, என் குடும்பத்தில் ஒருவருக்கும் உடனே கேட்கவேண்டும் என்று தோன்றியது.

இரவில் மெழுகுதிரிப் பவனி. செபமாலையின் ஒவ்வொரு பத்தும் (பத்து 'அருள்நிறைந்த மரியே' செபங்கள்) ஒவ்வொரு மொழியில் வந்தாலும், "பாவிகளாய் இருக்கிற எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்ற இடம் எப்போது வருகிறது என்று தெரிந்துவிடுகிறது. மாதாவிடம் நாம் கேட்பது அந்தப் பரிந்துரையைத்தான். குளிர்காலத்தில் இந்தப் பவனிகள் தினமும் நடப்பதில்லை, போகிறவர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.