ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியை முதலில் பாருங்கள்

மருமகள் திருகோணமலை கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். லப்டொப்புக்கு என்று வைத்திருந்த காசில் ஒரு சின்ன டெஸ்க்டொப் பூட்டினால் வேகமானதாகவும் கிடைக்கும், பழுதானால் ஒவ்வொரு சாமானாக மாற்றிக்கொள்ளவும் முடியும் என்று நான்தான் அக்காவிடம் சொன்னேன். ரைசன் 5 5600ஜி என்ற சிபியு, மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சின்ன அளவுப் போர்ட் ஒன்று, 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி. இவ்வளவும் ஒரே பின்னேரத்தில் முடிவாகிவிட்டது. வீட்டுக் கரண்டைக் கணினிக்கு ஏற்ற சின்ன வோல்ட்டுகளாக மாற்றித் தருகிற பவர் சப்ளைக்கு மட்டும் இரண்டு கிழமை எடுத்தேன். இங்கே கணினி பூட்டுகிற பிள்ளைகள் பெரும்பாலும் அதைக் கடைசியில், கையில் மிஞ்சின காசுக்குத்தான் வாங்குகிறார்கள், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கேட்பதில்லை.

என்னுடைய பழைய கணினிக்கு நானும் அப்படித்தான் வாங்கினேன். வாங்கினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கேசிங்கோடு சேர்ந்து வந்தது. பக்கத்தில் 500 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஒரு நவம்பர் இரவு, மழையும் மின்னலுமாக இருந்த நேரம், வீட்டு லைட் இரண்டு தடவை மங்கி மங்கி வந்தது, மூன்றாவது தடவை கணினிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு கருகின மணம். பவர் சப்ளை மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. போர்டும் போனது, ஹார்ட் டிஸ்க்கும் போனது. அப்பாவின் அறுபதாம் கலியாணப் படங்கள் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தன. அப்பா இப்போது இல்லை.

நாலைந்து நாள் வயரைக் கழற்றி வைத்துவிட்டு அதைத் திறந்து பார்த்தேன். (நீங்கள் திறக்க வேண்டாம். 230 வோல்ட் உள்ளே டிசியாக மாறும்போது 325 வோல்ட் வரை ஏறும், பெரிய கப்பாசிட்டர்கள் பிளக்கைக் கழற்றிய பிறகும் அதைப் பிடித்து வைத்திருக்கக்கூடும்.) வெளியே போகிற பக்கத்தில் இருந்த கப்பாசிட்டர்களில் மூன்றின் தலை வீங்கியிருந்தது. ஆனால் எனக்கு உறைத்தது அது அல்ல. கரண்ட் உள்ளே வருகிற இடத்தில், இரைச்சலை வடிகட்டுகிற சுருளுக்கும் சின்னக் கப்பாசிட்டர்களுக்கும் போர்டில் படம் வரைந்து, துளை போட்டு, எழுத்தும் அச்சிட்டிருந்தார்கள், ஆனால் சாமான் ஒன்றும் இல்லை. சுருள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மொட்டை வயர்த் துண்டுகளை ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்கள். காசு மிச்சம் பிடித்தது அங்கேதான்.

சரி, இந்தத் தடவைக்கு வருவோம். மருமகளையும் கூட்டிக்கொண்டு பிரதான வீதியில் ஒரு கடைக்குப் போனேன். கடைத் தம்பி இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். ஒன்று 500 வாட், மற்றது 450 வாட், 450இன் விலை 500ஐப்போல மூன்று மடங்குக்கு மேல்.

"மாமா, இதில 500 எண்டு போட்டிருக்கு, விலையும் குறைவு. பிறகு ஏன் அது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இரண்டையும் ஒவ்வொரு கையில் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். 500 வாட்காரன் வெறும் தகரப் பெட்டிபோல இருந்தது, மற்றது கையை இழுத்தது. பாரம் ஒன்றும் பெரிய சாட்சி இல்லைதான், ஆனால் வெப்பத்தை வாங்குகிற அலுமினியமும் செம்புச் சுருளும் காற்றால் செய்கிற சாமான்கள் இல்லை.

உண்மையான சாட்சி ஸ்டிக்கரில் இருக்கிறது. மலிவானதில் 5 வோல்ட்டுக்கு 30 அம்பியர், 3.3 வோல்ட்டுக்கு 24 அம்பியர், 12 வோல்ட்டுக்கு 16 அம்பியர் என்று எழுதியிருந்தது. 12ஐ 16ஆல் பெருக்கினால் 192. இன்றைய கணினிக்கு அது தருவது அவ்வளவுதான், 192 வாட். மற்றதில் 12 வோல்ட்டுக்கு 37 அம்பியர், அதாவது 444 வாட், 450இல் கிட்டத்தட்ட முழுவதும். பழைய காலத்தில் சிபியு 5 வோல்ட்டில் இருந்து கரண்ட் எடுத்தது. பென்டியம் 4 வந்த 2000ஆம் ஆண்டளவில்தான் சிபியுவுக்கு என்று தனியாக நாலு பின் 12 வோல்ட் வயர் வந்தது, அதிலிருந்து சிபியுவும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. 5 வோல்ட்டில் 30 அம்பியர் தருகிறேன் என்று சொல்கிற பவர் சப்ளை இருபது வருடத்துக்கு முந்தைய கணினிக்காக வரைந்த ஒன்று, அதற்கு மேல் புதுப் பெட்டி போட்டிருக்கிறார்கள். கடையில் வேறு ஒன்றும் பார்க்க நேரம் இல்லையென்றால் இந்த ஒரு வரியை மட்டும் பாருங்கள், 12ஆல் பெருக்குங்கள், வருகிற எண் பெட்டியில் எழுதினதுக்குக் கிட்ட இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். பெருக்கிச் சரியாக வந்தால் மட்டும் நல்லது என்று ஆகிவிடாது, ஸ்டிக்கரிலும் பொய் அச்சடிக்கலாம், ஆனால் கெட்டவற்றில் பாதி இந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

எவ்வளவு வாட் வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், அவ்வளவு குறைவு. 5600ஜி 65 வாட் சிபியு, முழுமூச்சில் ஓடும்போது 88 வாட் வரை எடுக்கும். போர்ட், ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் ஒரு 40 போட்டாலும் 130ஐத் தாண்டாது. பிறகு ஒருநாள் அவள் ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒரு கிராபிக்ஸ் கார்ட் போட்டாலும் அது 132 வாட், மொத்தம் 260, 270. கிராபிக்ஸ் கார்ட் கண்மூடித் திறப்பதற்குள் இழுக்கிற திடீர் சுமைக்கும் இடம் விட்டு 450 தாராளமாகக் காணும். 650, 750 என்று பெரிய எண்ணுக்குக் காசு கொடுப்பதைவிட அதே காசில் நல்ல 450 வாங்குவதுதான் சரி என்று நான் முழுமையாக நம்புகிறேன்.

80 பிளஸ் பட்டயம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அது வீணாகும் கரண்டைப் பற்றியது. சாதாரண 80 பிளஸ் என்றால் 115 வோல்ட் சோதனையில் உள்ளே வாங்குகிற கரண்டில் 80 சதவீதமாவது வெளியே வர வேண்டும், புரொன்ஸ் என்றால் பாதிச் சுமையில் 85, நம்முடைய 230 வோல்ட்டில் இன்னும் கொஞ்சம் கூட வரும். ஆனால் அந்தச் சோதனையைச் செய்வது 23 பாகை செல்சியஸ் அளவில். கச்சான் காற்று வீசுகிற காலத்தில் மத்தியானம் எங்கள் வீட்டு அறை 33, 34இல் நிற்கும், கேசிங்குக்குள் இன்னும் மேலே. அதனால் கப்பாசிட்டர்கள் 105 பாகைக்கானவையா, முழு வாட்டையும் 40 பாகையிலாவது தரும் என்று உற்பத்தியாளர் எழுதித் தந்திருக்கிறாரா என்பதையும் பாருங்கள். கப்பாசிட்டருக்குப் பத்துப் பாகை சூடு ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னியல்காரர்களின் பொதுக் கணக்கு.

பட்டயம் காவலும் இல்லை. கிகாபைட்டின் பி750ஜிஎம், பி850ஜிஎம் என்ற பவர் சப்ளைகள் இரண்டும் 80 பிளஸ் கோல்ட் வாங்கியவை, அவை வெடிக்கின்றன என்று பெரிய சர்ச்சை எழுந்து, 2021இல் அந்த நிறுவனமே அறிக்கை விட்டு, சுமை மிஞ்சினால் தானாக நிற்கிற எல்லையை 120–150 சதவீதத்திலிருந்து 110–120க்குக் குறைத்தது, பழையதை மாற்றித் தரவும் முன்வந்தது. ஆகவே வோல்ட் கூடினால், கரண்ட் கூடினால், ஷோர்ட் ஆனால், சூடு மிஞ்சினால் நிற்குமா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். என் டிஸ்க்கைக் காப்பாற்றியிருக்கக்கூடியது முதலாவது. ஒரே பெயர்ப் பலகையில் நல்லதும் வரும், கூடாததும் வரும், கோர்சேர், கூலர் மாஸ்டர் என்று பெயரை மட்டும் பார்க்காமல் மொடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். சைபெனெட்டிக்ஸ் என்று ஒரு சோதனைக்கூடம் 230 வோல்ட்டிலும் அளந்த அறிக்கைகளைச் சும்மாவே தருகிறது. நான் அதைப் பார்த்துத்தான் இறுதி முடிவு எடுத்தேன்.

அளவு விஷயத்தில் ஒரு சொல். அவளுக்கு முதலில் பிடித்தது ஒரு சின்னஞ்சிறு கேசிங், அதற்கு எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவுப் பவர் சப்ளை வேண்டும், 125க்கு 100 மில்லிமீட்டர், உயரம் 63.5. அழகுதான், ஆனால் அதே தரத்துக்கு விலை கூட, இங்கே கிடைப்பதும் அரிது. வழக்கமான ஏடிஎக்ஸ் பவர் சப்ளை கொள்கிற மைக்ரோ ஏடிஎக்ஸ் கேசிங்குக்கு அவளைச் சம்மதிக்க வைத்தேன். பவர் சப்ளையின் ஆழம் 140 மில்லிமீட்டர், அதற்குப் பின்னால் வயர் மடங்க இன்னும் ஒரு கையகலம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும். கொழும்பில் யுனிட்டி பிளாசாவில் வாங்கி பஸ்ஸில் ஏற்றிவிடச் சொன்னால் கொஞ்சம் குறையும், ஆனால் பழுதானால் அங்கேதானே திருப்பி அனுப்ப வேண்டும், அதனால் கொஞ்சம் கூடக் கொடுத்து ஊர்க் கடையிலேயே, மூன்று வருட வொரண்டியோடு எடுத்தேன். மலிவானதுக்கு ஆறு மாதம்தான் சொன்னார்கள். செய்தவனுக்கே அதில் எவ்வளவு நம்பிக்கை என்பது அதில் தெரிகிறது.

இன்னொன்று, பின்பக்கத்தில் 115/230 என்று சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது பழைய வகை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் யாராவது அதை 115க்குத் தள்ளிவிட்டுப் போட்டால் அடுத்த நொடி வெடிக்கும். இப்போது வருகிற நல்லவற்றில் அந்தச் சுவிட்ச் கிடையாது.

கரண்ட் மங்கி மங்கி வருவதற்கு யுபிஎஸ் வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் யுபிஎஸ் பற்றரிக்கு மாற சில மில்லிசெக்கன் எடுக்கும், அந்த இடைவெளியைப் பவர் சப்ளைதான் தன் கப்பாசிட்டரில் தேக்கி வைத்ததைக் கொண்டு தாண்ட வேண்டும். பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி கிட்டத்தட்ட 16 மில்லிசெக்கன் தாங்க வேண்டும். மலிவானவை பெரிய கப்பாசிட்டரைச் சின்னதாகப் போட்டு அதில் பாதியிலேயே கைவிட்டுவிடும், யுபிஎஸ் இருந்தும் கணினி நிற்கிறதே என்று ஆட்கள் யுபிஎஸ்ஸைத் திட்டுவார்கள்.

பூட்டி முடித்த அன்று மல்டிமீட்டர் வைத்து 12 வோல்ட்டை அளந்தேன். சும்மா இருக்கும்போது 12.09, சிபியுவை முழுதாக ஓடவிட்டபோது 12.03. விதிப்படி 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருந்தால் சரி. பக்கத்து வீட்டுத் தம்பியின் மலிவானதை அதே மீட்டரில் அளந்தபோது 12 வோல்ட் 11.3க்கு இறங்கி, 5 வோல்ட் 5.3க்கு ஏறி நின்றது. இரண்டு வோல்ட்டையும் ஒரே கடிவாளத்தில் பிடிக்கிற பழைய முறை அது, ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் துள்ளும். அவனிடம் அன்றைக்கே படங்களை வேறு இடத்தில் பிரதி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

எல்லாம் சரி என்று நினைத்த நேரம், "மாமா, தொட்டா சுரீர் எண்டுது" என்று மருமகள் கையை எடுத்தாள். புறங்கையால் கேசிங்கின் ஓரத்தைத் தடவினேன். எறும்பு ஊர்வதுபோல. புதுப் பவர் சப்ளையின் குறை அல்ல அது. நான் பழையதில் காணாத அந்த வடிகட்டிக் கப்பாசிட்டர்கள் இதில் இருக்கின்றன, அவற்றில் சில கேசிங்கோடு இணைந்திருப்பவை, எர்த் இல்லாவிட்டால் கேசிங் 115 வோல்ட் அளவில் மிதக்கும், ஓடுகிற கரண்ட் மிகக் குறைவு, ஆனால் கைக்குத் தெரியும். அதாவது வீட்டு எர்த் வேலை செய்யவில்லை, எத்தனை வருடமாகவோ.

அக்கா வீடு உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட. சனிக்கிழமை வயரிங் வேலை செய்கிற அண்ணன் வந்து கிணற்றடியில் எர்த் கம்பியைத் தோண்டிக் காட்டினார். கிளாம்ப் இருந்த இடத்தில் துருக்கட்டி ஒன்றுதான் இருந்தது, வயர் அதன் பக்கத்தில் சும்மா கிடந்தது. "உப்புக் காத்து தம்பி. பித்தளை கிளாம்ப் போட்டாத்தான் நிக்கும்" என்றார். புதுக் கம்பி அடித்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, ட்ரிப் சுவிட்சையும் ஒருக்கால் தட்டிப் பார்த்தார். நான் மேலே போய்க் கணினியைப் போட்டேன். மருமகள் புறங்கையைக் கேசிங்கில் வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் நின்றாள்.

"இப்ப ஒண்டும் இல்ல மாமா."